கைக்கு எட்டியதும் கைப்பழக்கமும்

கலை என்பது முன்பே வகுத்த திட்டத்தைப் பிழையின்றி நிறைவேற்றுவது என்பர் சிலர். கணப்பொழுதில் எழும் உந்துதலே கலை என்பர் வேறு சிலர். களிமண்ணைக் கையாளும் கலைஞரின் பணியைக் கூர்ந்து நோக்கினால், இவ்விரு கூற்றுகளும் பாதி உண்மைகளே என்பது புலனாகும்.

தென்பிரான்சில் உள்ள வல்லோரி, தலைமுறை தலைமுறையாகச் சமையற்கலங்கள் வனைந்த சிற்றூர். 60 வயதைக் கடந்த ஓவியர் பாப்லோ பிக்காசோ, 1947 முதல் அவ்வூரின் மட்பாண்டப் பட்டறை ஒன்றில் பணியாற்றினார். உடைந்த கலங்களின் ஓடுகளையும், சூளையில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட சுடுமண் தட்டுகளையும் எடுத்து அவற்றின்மேல் முகங்களைத் தீட்டினார். ஈரம் உலராத குடுவைகளை அழுத்தியும் வளைத்தும் பெண்ணுருவங்களாகவும் பறவைகளாகவும் மாற்றினார். 1950இல் அவர் உருவாக்கிய பெண் ஆட்டுச் சிற்பத்தில் பிரம்புக்கூடை விலாவாயிற்று. இரு மண்சாடிகள் மடியாயின.

இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்குதல் பொருந்தாது. அவ்வோடுகள் பட்டறையில் இருந்த அனைவர் கண்ணிலும் பட்டவையே. அவற்றின் வளைவில் ஒரு முகத்தைக் காண்பதற்கு, அரை நூற்றாண்டுக் காலம் கோடு வரைந்து பழகிய கண்ணும் கையும் வேண்டியிருந்தன. மேலும், களிமண் கலைஞருக்காகக் காத்திராது. உலரத் தொடங்கியபின் வளைத்தால் விரிசல் விடும். பூசிய வண்ணமோ தீயில் வேறு நிறம் கொள்ளும். எனவே, அக்கணத்திலேயே முடிவெடுக்கும் துணிவும், சூளை தருவதை ஏற்கும் மனப்பக்குவமும் இக்கலையின் இன்றியமையாத் தேவைகளாகும்.

இங்கு நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. பிக்காசோ வளைத்த குடுவைகளைச் சக்கரத்தில் வனைந்து தந்தவர் அப்பட்டறையின் குயவரே. குடுவையின் சுவரை அவர் சீராக எழுப்பியிராவிடில், ஓவியரின் விரல் பட்டவுடன் அது சரிந்திருக்கும். ஒருவரின் விடுதலை மற்றொருவரின் பயிற்சியைத் தாங்குதளமாகக் கொண்டிருந்தது. படைப்பைப் போற்றுகின்ற உலகம், அதற்கு அடித்தளமிட்ட உழைப்பையும் போற்றுதல் வேண்டும். அதுவே அறம்.

விலைமிக்க கருவிகள் வாய்த்த பின்னரே கலை பயில இயலும் என்று தயங்கும் இளைஞர் பலர். வேண்டிய பொருள் பெரும்பாலும் காலடியிலேயே கிடக்கிறது. அதனை அடையாளம் காணும் கண்ணை நாள்தோறும் பழக்குவதே நாம் செய்யத்தக்கது. பழகிய கைக்கே எதிர்பாராதது பரிசாகிறது. பழகாத கைக்கு அது வெறும் உடைசல்.