பயணிகள் ஏன் படம் பிடிக்கிறார்கள்?

கல்விச் சுற்றுலாவில் மாணவர்கள் கமராவைத் தூக்கியதும், "முதலில் இடத்தைப் பாருங்கள்" என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் உளர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். சென்ற இடத்தின் நினைவைப் பதித்து வைக்க விரும்புவது மனித இயல்பு. கமரா தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்விருப்பம் இருந்தது.

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரே இதற்குச் சான்று. குன்றில் ஏறி ஓவியங்களைக் கண்டு வியந்த பயணிகள், தம் உள்ளத்தில் எழுந்ததைச் சிங்களப் பாக்களாக அச்சுவரிலே கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைத் தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான வாசித்து, 1956இல் நூலாக வெளியிட்டார். பாடியவர்களுட் பலர் தம் பெயரையும் குறித்துள்ளனர். இன்று நாம் எடுக்கும் படமும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுவருக்குச் சேதம் இல்லை, அவ்வளவே.

இது சிறிய வேறுபாடன்று. 2015இல் அதே சுவரில் எழுத்துக் கீறிய இளம்பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதியின் பொதுமன்னிப்பினாலேயே அவர் வீடு திரும்பினார். அவருக்கும் அன்றைய பாவலருக்கும் ஆசை ஒன்றுதான். பெயர் பொறிக்கத் துடிக்கும் கைக்குக் கமராவைக் கொடுப்பதே மேல்.

படியேறிய மூச்சிரைப்பும் உச்சிக் காற்றும் படத்தில் இல்லை என்பர். உண்மைதான். ஆனால் பத்து ஆண்டுகளின் பின் அதைப் பார்க்கும்போது அவையும் கூடவே திரும்பி வருகின்றன.

சிகிரியா ஓவியங்களைப் படம் பிடிக்க மட்டும் அனுமதி இல்லை. அங்கே கமராவை மூடி வைத்துவிட்டு, கண்ணால் ஆறுதலாகப் பாருங்கள்.