வைக்கோல் மண்ணுக்கு, நிலம் யாருக்கு?

'வைக்கோலை எரிக்காதே, மடக்கி உழு' என்கிறது வேளாண்மைத் துறை. சரியான அறிவுரைதான். ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் சுமார் 15 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. எரித்தால் தழைச்சத்து அநேகமாக முழுதும் புகையாகப் போய்விடும். நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே ஈரத்தில் உழுதுவிட்டால் மட்கி உரமாகும். அவசரப்பட்டு நட்டால் மட்கவைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

ஆனால் மண் தேறப் பல போகம் ஆகும். காவிரிப் படுகையில் நாம் வேலை செய்யும் சேரிகளில் நிலம் வாய்மொழிக் குத்தகை. அடுத்த போகம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் வைக்கோலை விற்றுக் குத்தகை பாக்கியைத்தான் கட்டுவார். இதை அறியாமை என்பவர்களுக்கு அவருடைய கணக்கு தெரியாது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நம் மக்கள் வாய் திறப்பதில்லை. 1892-இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களிலும் பெரும்பகுதி இன்று பிறர் கையில்.

தோழர்களே, மண்வளப் பயிற்சி நடக்கும் இடமெல்லாம் போங்கள். உழுபவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனிமனு போட அஞ்சுகிறவர்களை ஊராகத் திரட்டி, கூட்டாக மனு கொடுக்க வைப்போம்.