மலிவான பிரேக்கும் மலை இறக்கமும்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்குகையில் வண்டியை ஓட்டுவது பெரிதன்று, நிறுத்துவதே பெரிது. தாமே வண்டி கட்டும் தோட்டத்து இளைஞர்கள் பழைய மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கை மலிவாக வாங்கிப் பொருத்த எண்ணினால், நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு.

அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இப்பிரேக்கின் உயிர். ஆனால் பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 3 வகையில் புதிய ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரமேறியது 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்தாலும் பிரேக் பிடியாது.

ஆகவே புது ஒயில் இட்டு, காற்றை வெளியேற்றி, சிறு கியரிலேயே இறங்க வேண்டும். இருவரைச் சுமக்கச் செய்த பிரேக்கை நம்பிக் கொழுந்து மூட்டைகளை ஏற்றலாகாது. பிரேக் மலிவாக இருக்கலாம், உயிர் மலிவன்று.