சொன்னவர் யார்? சான்று யாது?

வாதத்தில் எதிரியை வாயடைக்கச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. அவர் கூற்று பிழையென்று சான்றோடு காட்டுவது ஒன்று. “இன்னார் சொல்லிவிட்டார், அவரைவிட நீ பெரியவனோ?” என்று கேட்பது மற்றொன்று. முன்னதற்கு உழைப்பு வேண்டும். பின்னதற்கு உரத்த குரல் போதும். ஆதலாலன்றோ பின்னதற்கே எந்நாளும் கூட்டம் மிகுதி!

17-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து மெய்யியலறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலில் இத்தந்திரத்திற்குப் பெயரிட்டு வைத்தார். எதிராளியின் நாணத்தைக் கருவியாக்கும் வாதம் என்பது அதன் பொருள். பெரியவரை மறுக்கக் கூசி நான் மௌனமானால், அது என் பணிவைக் காட்டுமேயன்றி அவர் கூற்றை மெய்யாக்காது என்று அவர் தெளிவுபடுத்தினார்.

“அப்படியானால் எவர் சொல்லையும் ஏற்கக் கூடாதோ? நீ பிறந்த நாளை நீயா குறித்து வைத்தாய்? மருத்துவர் தரும் மருந்தைச் சோதித்துப் பார்த்தா விழுங்குகிறாய்?” என்று மேதாவிகள் மடக்குவர். கேட்கட்டும், நல்ல கேள்விதான்! பிறர் சொல்லை அறவே தள்ளி ஒருவனால் ஒருநாளும் வாழ இயலாது. அதனை நாம் மறுக்கவில்லை. எவர் சொல்லை, எதன் பொருட்டு ஏற்பது என்பதே வழக்கு.

இவ்வழக்கை நம் நாட்டுத் தருக்க நூலோர் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே விசாரித்துள்ளனர். காட்சியே அளவை என்றனர் உலகாயதர். காட்சியும் கருதலும் போதும், உரை தனி அளவையாகாது என்றார் பௌத்தப் பேரறிஞர் திக்நாகர். உரையும் அளவையே என்றனர் நியாய நூலார். ஆயின் எவர் உரை? நியாய சூத்திரத்திற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் விடை தந்தார்: பொருளை நேரே அறிந்தவனாக இருத்தல் வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பம் உடையவனாகவும் இருத்தல் வேண்டும். அத்தகையவன் சொல் சான்றாகும். இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அவரே எழுதி வைத்தார்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ரிஷி என்பதற்காக அவன் சொல் மெய்யாகவில்லை. மிலேச்சன் என்று இழித்துரைக்கப்பட்டதால் அவன் சொல் பொய்யாகவும் இல்லை. சொல்லுக்கு வலிமை தருவது அறிவும் நேர்மையுமே, பிறப்புமன்று, பீடமுமன்று.

பீடத்தை நம்பியோர் பட்ட பாட்டினைக் கேளுங்கள். 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன் மாமேதை, ஐயமில்லை. ஆனால் அவர் அறுத்து ஆராய்ந்தவை குரங்கு முதலிய விலங்குகளின் உடல்கள். அவற்றில் கண்டதை மனிதர்க்கும் ஏற்றி, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக ஐரோப்பா அதனை ஓதியது. பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து காலனின் ஏட்டைப் படிப்பார். கீழே ஒருவன் பிணத்தை அறுப்பான். ஏடு ஒன்று சொல்ல, உடல் வேறொன்று காட்டும். வென்றதோ ஏடு!

பதுவா நகரில் வெசாலியஸ் என்னும் இளைஞர் ஆசனத்தை விட்டிறங்கித் தாமே கத்தியைக் கையிலெடுத்தார். தாடையெலும்பு ஒன்றே என்று கண்டார். 1543-இல் நூலாக வெளியிட்டார். முன்னர்க் காலனை நம்பித் தாமும் பிழைபட எழுதியதற்கு வெட்கமுற்றதையும் மறைத்தாரில்லை. அவருடைய பழைய ஆசிரியர் சில்வியஸ் என்ன செய்தார் தெரியுமா? காலன் தவறவில்லை, காலனுக்குப் பின் மனித உடல்தான் மாறிவிட்டது என்றார்! ஏட்டைத் திருத்த மனமின்றி எலும்பைத் திருத்தப் புறப்பட்டார் அந்த ஏந்தல்!

மதவாதிகளும் பழமைவாதிகளும் மட்டுமே இக்குழியில் வீழ்வர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். புரட்சியின் பெயராலும் இக்குழி வெட்டப்பட்டது. 1948 ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் வேளாண் அறிவியற் கழகம் கூடியது. மரபியலை எதிர்த்த லைசென்கோ இறுதி நாளன்று எழுந்து, தம் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு ஆராய்ந்து ஒப்பிவிட்டது என்று அறிவித்தார். அவை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மரபியலார் சிலர் அங்கேயே தம் கொள்கையைக் கைவிட்டனர். இடையில் புதிய சோதனை நடந்ததா? இல்லை. புதிய சான்று கிட்டியதா? அதுவும் இல்லை. வந்தது ஒப்புதல் ஒன்றே! உலகெங்கும் சென்று விதைகளைத் திரட்டிய பேரறிஞர் வவிலோவ், 1940-இலேயே கைதாகி, 1943-இல் சரத்தோவ் சிறையில் மடிந்துவிட்டிருந்தார். 1965-இல் லைசென்கோ பதவியிழக்கும் வரை அந்நாட்டு மரபியல் தலைதூக்க இயலவில்லை. கோதுமை, மத்தியக் குழுவின் தீர்மானத்தைப் படித்துவிட்டு முளைப்பதில்லை, தோழர்களே!

இதனைக் கட்சித் தோழர்களாகிய உங்களிடம் உரைப்பது ஏன்? கட்சி உங்களுக்குக் கட்டளையிடலாம். ஊர்வலத்தில் நட என்னலாம். மறியலில் நில் என்னலாம். சிறைக்குச் செல் என்னலாம். அது கட்டுப்பாடு, அதனைக் காப்பது கடமை. ஆனால் ‘நம்பு’ என்று கட்டளையிட எவர்க்கும் உரிமையில்லை. இட்டாலும் அது நிறைவேறாது. கட்டளைக்கு அஞ்சுபவன் நம்பியதாக நடிப்பான், அவ்வளவே. நடிப்பவர் நிறைந்த பாசறைக்கு எதிரி எத்திசையில் வருகிறான் என்று சொல்ல ஆளிராது!

ஆகவே, எவர் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர் இதனை எங்ஙனம் அறிந்தார்? காரணம் கேட்டால் தருகிறாரா, கண்ணை உருட்டுகிறாரா? தவறென்று காட்டினால் திருத்திக்கொள்வாரா? இவற்றிற்குத் தக்க விடை தருபவர் வழிகாட்டி; அவரை நம்புவது அடிமைத்தனம் ஆகாது. கேள்வியையே குற்றமாக்குபவர் எத்துணை உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருப்பினும், அவர் சொல்லுக்கு அந்நாற்காலியின் உயரம் உண்டே தவிர, உண்மையின் உயரம் இல்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து ஓர் இளந்தோழர் எழுந்து “ஏன்?” என்று கேட்பார். “உட்கார்!” என்று அதட்டாதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில், அவரோடு சேர்ந்து நீங்களும் அக்கேள்வியை மேடையை நோக்கிக் கேளுங்கள்!