பல் பிடுங்கினவனுக்குச் சின்னமா?

பட்டாளத்துப் பல் வைத்தியர்களுக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டும் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். “பல் பிடுங்கினவனுக்கெல்லாம் கல் நாட்டுவதா?” என்கிறார்கள். ஊரை எரித்தவனுக்குச் சிலை வைக்கும்போது வராத சிரிப்பு, நோயாற்றினவனுக்கு வைக்கலாம் என்றால் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கிறோம்.

லண்டனில் வைட்ஹால் வீதியில் ஹேக் என்னும் தளபதி வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1937ல் திறந்த சிலை அது. இந்த ஹேக்குக்கு 1914 அக்டோபரில், பிரான்சில் யுத்தம் மும்முரமாய் நடக்கும்போது, பல்வலி கண்டது. தளபதியானாலும் பல் பல்தானே! தேடிப் பார்த்தால், பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் சேனையோடு ஒரு பல் வைத்தியரைக்கூட அனுப்பவில்லை. கடைசியில் பாரிசிலிருந்து வலாடியே என்பவரை வரவழைத்தார்கள். பிறகு என்ன? அந்த வருஷம் முடிவதற்குள் பல் வைத்தியர்கள் கப்பலேறினார்கள். 1918ல் யுத்தம் நிற்கும்போது அவர்கள் தொகை 800க்கு மேல்.

அதற்கு முன் சிப்பாய்களுக்குப் பல்லே இல்லையா? 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், பல் கெட்டு, கல்லைப் போன்ற பிஸ்கோத்தைக் கடிக்க முடியாமல் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அவதிப்பட்டார்கள். பலரைச் சீமைக்கே திருப்பி அனுப்ப நேர்ந்தது. நியூலண்ட் பெட்லி என்ற லண்டன் பல் வைத்தியர் 1900ல் தம் கைப்பணத்தைச் செலவழித்துத் தென்னாப்பிரிக்கா போய்ச் சிகிச்சை செய்தார். சண்டை ஓய்ந்தது, சர்க்காரும் மறந்தது. ஆயிரம் ஏழைச் சிப்பாய்களுக்கு வலித்தபோது மூடியிருந்த கண், ஒரு துரைக்கு வலித்தவுடன் திறந்துகொண்டது! அப்படியும் பிரிட்டிஷ் இராணுவத்தில் பல் வைத்தியத்துக்கென்று தனிப்படை ஏற்பட்டது 1921ல்தான். அமெரிக்காவில் அது 1911லேயே ஏற்பட்டுவிட்டது.

இவர்கள் செய்த வேலை பல் பிடுங்குவதோடு நிற்கவில்லை. பதுங்கு குழியில் நிற்கிறவன் தலை தூக்கினால் குண்டு முகத்தில் படும். தாடை சிதறியவனை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைத்துப் போவான். சிதறிய எலும்பைச் சேர்த்து, மிச்சமிருக்கும் பற்களில் கம்பி கட்டி, மறுபடி அவன் மெல்லவும் பேசவும் வழி செய்யத் தெரிந்தவர் பல் வைத்தியர். அந்த வலாடியே பூலோன் பக்கத்து ஆஸ்பத்திரியில் இந்த வேலையைத்தான் செய்தார். முகத்தைத் திருத்தி அமைக்கும் ரண சிகிச்சையில் பெயர் பெற்ற கில்லீஸ், அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

பல்வலிக்குக் கத்தோலிக்கர்கள் ஒரு புனிதவதியை வைத்திருக்கிறார்கள். பெயர் அப்பொலோனியா. 249ல் அலெக்சாந்திரியாவில் வெறிபிடித்த கும்பல் அந்த அம்மாளின் பற்களை உடைத்துக் கொன்றது என்பது சரித்திரம். பரிதாபந்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் பல்லையே காப்பாற்றிக்கொள்ள முடியாமற்போன அம்மாளிடம் மெழுகுவர்த்தி ஏற்றி, என் பல்லைக் காப்பாற்று என்பது எந்த ஊர் அறிவு? இத்தனை நூற்றாண்டு மெழுகு எரிந்தும் ஒரு கடைவாய்ப் பல்லின் பொத்தல் அடைபட்டதுண்டா?

அமெரிக்கப் பல் வைத்தியர் பென் சாலமன் கதையையும் பாருங்கள். 1944 ஜூலை 7ல் சைபான் தீவில், படுகாயக்காரர்களைத் தப்பவிட்டு, தாம் இயந்திரத் துப்பாக்கியோடு நின்று உயிர்விட்டார். எதிரே 98 ஜப்பானியர் பிணம். அவர் உடம்பில் 76 குண்டுக் காயம் என்கிறார்கள். செஞ்சிலுவை அணிந்தவர் ஆயுதம் எடுத்தார் என்று முதலில் விருதை மறுத்தார்கள். பிறகு காலக்கெடு தாண்டியது என்றார்கள். 2002ல்தான் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயமே. ஆனால் துப்பாக்கி பிடித்த அந்த ஒரு நாளைப் பேசுகிறவர்கள், அவர் இடுக்கி பிடித்த நாட்களைப் பேசுகிறார்களா?

“கல்லை வணங்காதே என்கிற நீங்களே கல் நாட்டச் சொல்லலாமா?” என்று வைதிக நண்பர் மடக்குவார். ஐயா, இந்தக் கல்லுக்குத் தட்டில்லை, தட்சணையில்லை, வரங்கேட்பாரும் இல்லை. பெயர், வருஷம், செய்த வேலை மூன்றையும் வெட்டி வைப்பது. பொய்யென்று ருசுவானால் அழித்துவிடலாம். உங்கள் தல புராணத்தில் ஒரு வரியை அப்படி அழிக்க விடுவீர்களா?

வைப்பதாயிருந்தால், வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண சிப்பாயையும், அவன்மேல் குனிந்து நிற்கும் வைத்தியரையும் செதுக்கி, ஹேக் துரையின் குதிரை பார்க்கும்படி எதிரிலேயே வைக்கட்டும்.