காடு கற்பிக்கும் ஆசிரியர்

திருவட்டாற்றில் பிறந்த சிறுவனை அவ்வூர்ப் பெயரின் காரணம் வினவினால், ஆறு வட்டமிட்டு ஓடுவதால் வந்த பெயர் என்று தயங்காது விடை கூறுவான். அவனே வளர்ந்து ஒரு கலாசாலையிற் சேர்ந்து பட்டமும் பெற்ற பின்னர், அவ்வாறு எந்த மலைக்காட்டிற் பிறக்கிறது, கோதையாறு எது, பரளியாறு எது, மூவாற்றுமுகத்தில் அவை கூடுமுன் எவ்வெம்மரங்களின் நிழலைக் கடந்து வருகின்றன என்று கேட்போமாயின் விழிப்பான். இத்தனைக்கும் அவன் சுற்றுச்சூழற் கல்வி என்னும் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவனே. குற்றம் மாணாக்கனுடையது அன்று. அப்பாடம் கற்பிக்கப்படும் முறையைக் குறித்தே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

இப்பாடம் எவ்வாறு வந்தது என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் குறித்த அறிவு கல்விச்சாலைகளிற் கட்டாயமாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்று பணித்தது. பணித்தும் பன்னிரண்டாண்டுகள் கழிந்தன. 2003ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய காலத்திலேதான் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டம் எல்லாக் கலாசாலைகளையும் எட்டியது. அத்திட்டத்தை வகுத்தோர் விவேகிகள் என்றே சொல்வோம். 50 மணிப் பாடத்தில் 5 மணி வெளியிற் சென்று கண்டறியும் களப்பணிக்கென ஒதுக்கினர். 100 மதிப்பெண்களில் 25 அதற்கே அளித்தனர். அருகிலுள்ள ஓர் ஆற்றையோ காட்டையோ மலையையோ போய்க் காணவேண்டும். மாசுபட்ட ஓரிடத்தைப் பார்க்கவேண்டும். அவ்விடத்துச் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறியவேண்டும். குளம், ஆறு, மலைச்சரிவு இவற்றின் உயிர்வாழ்வை ஆராயவேண்டும் என்று தெளிவாக எழுதினர். 2023இல் அக்குழு புதிய வரையறை ஒன்றை வெளியிட்டபோதும் களப்பணி கைவிடப்படவில்லை.

நடப்பது யாது? நாம் அறிந்த ஒரு கலாசாலையில் ஒரு மாணாக்கன் தேக்கடியைக் குறித்து அழகிய கையெழுத்தில் எழுதிய களப்பணி ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். அவன் தேக்கடியைக் கண்டவன் அல்லன். முந்திய ஆண்டு மாணாக்கனுடைய ஏட்டைப் பார்த்து எழுதினான். அம்முந்தியவனும் தேக்கடியைக் கண்டவன் அல்லன். ஏட்டிலிருந்த யானை மட்டும் ஆண்டுதோறும் அதே நீர்த்துறையில் நின்று நீரருந்திக்கொண்டிருக்கிறது! ஆசிரியர் அதனை அறியாரல்லர். இருபத்தைந்தில் இருபத்திரண்டு இட்டார்.

இதற்குச் சிலர் சொல்லும் காரணம், வனசாஸ்திரம் பயின்ற ஆசிரியர் நம்மிடம் இல்லை என்பது. மெய்தான். 1878இல் டேராடூனிலும் 1912இல் கோயமுத்தூரிலும் ஏற்பட்ட வனக்கல்விச்சாலைகள் காட்டிலாகா உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவதற்கே ஏற்பட்டன. சாதாரணக் கலாசாலைக்கு ஆசிரியரை அளிக்க அல்ல. ஆகவே கால அட்டவணையில் எவருக்கு ஒரு மணி ஓய்வு காணப்படுகிறதோ அவர் தலையில் இப்பாடம் ஏற்றப்படுகிறது. ரசாயன ஆசிரியரும் வணிக ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதனைக் கற்பிக்கின்றனர். இதுவே குறை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

சென்னை இராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் நியமிக்கப்பட்ட கிளெகார்ன் துரை தொழிலால் வைத்தியர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் தாவர சாஸ்திரம் கற்பித்தவர். இந்நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் நமது மலைகளின் மரங்களைக் குறித்து 1908இல் அரிய நூலொன்று வெளியிட்ட பூர்டில்லன், வனப் பாதுகாவலர் ஆவதற்கு முன் காப்பித் தோட்டக்காரராயிருந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் எட்வர்ட் பார்ன்ஸ் ரசாயனப் பேராசிரியர். அவரோ விடுமுறைதோறும் மலையேறி, பாம்பு படமெடுத்தாற் போன்ற பூவுடைய சேம்பினச் செடிகளை ஆராய்ந்து எழுதினார். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தபின் அவரும் அவருடைய மனைவியாரும் வளாகத்திற் பேணிய மரங்களின் நிழலில் இன்றைய மாணாக்கர் நடக்கின்றனர். இவர்களுள் ஒருவராயினும் வனசாஸ்திரப் பட்டம் பெற்றுத் தொடங்கினவர் அல்லர். மரங்களைக் குறித்துப் பேசிய சாலொமோன் ராஜாவும் அப்படியே. இவர்களெல்லாம் நடந்தார்கள், நின்று பார்த்தார்கள், அவ்வளவே.

திருவட்டாற்றில் நடக்க நெடுந்தூரம் வேண்டுவதில்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து எத்திசையிற் சென்றாலும் சிறிது நேரத்தில் ரப்பர்த் தோட்டம் எதிர்ப்படும். காலையிற் பால்வெட்டு நடக்கும் வேளையில் மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்லும் ரசாயன ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிரட்டையிற் சொட்டும் பால், கொட்டகையில் அமிலம் சேர்த்ததும் உறைந்து தகடாவதைக் காட்டலாம். உறைந்தபின் வெளிப்படும் நீர் எந்த ஓடையிற் போய் விழுகிறதென்று அதன் கூடவே நடந்து, ஓடையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒரு காகிதத் துண்டை நனைத்து அமிலத்தின் அளவைக் காட்டலாம். மாசுபட்ட இடத்தைக் காணவேண்டும் என்று பாடத்திட்டம் கூறுவதும் அதுதானே. அதற்காகத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை.

வணிக ஆசிரியரோ, நெல் விளைந்த வயல் வாழைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் மாறிய கணக்கை மாணாக்கரின் தாய்தந்தையரிடமே கேட்டெழுதச் சொல்லலாம். 2017 நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்ததை இம்மாணாக்கர் சிறுவராயிருந்து கண்டவர். ஒரே இனமாய் ஒரே வயதாய் நட்ட மரங்கள் காற்றுக்கு எவ்வாறு நிற்கின்றன, வீட்டுப் புறக்கடையில் நின்ற அயனியும் பலாவும் எவ்வாறு நின்றன என்று அவர்களையே ஒப்பிடச் சொன்னால், பத்துப் பக்கம் எழுதுவார்கள். அது எவருடைய ஏட்டிலிருந்தும் பார்த்தெழுதியதாயிராது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ரப்பர் பயிராகும் ஊர்களிற் கோடை மழை தொடங்கியதும் கரிய சிறு வண்டுகள் விளக்கொளியை நாடி வந்து, வீட்டுக் கூரையில் ஆயிரமாயிரமாய் அடைந்துகொள்கின்றன. பெண்டிர் துடைப்பத்தால் வாரி வாரிச் சலிக்கின்றனர். அவ்வண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் இலைச்சருகை உண்டு பெருகுபவை என்பதையும், பலவகை மரம் நின்ற காட்டில் ஓரினம் இவ்வாறு பெருகுவது அரிது என்பதையும் எந்த வகுப்பிலாவது சொன்னதுண்டா? காட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிட எளிதாய் விளக்கும் சான்று நமக்குத் தோன்றவில்லை. மாத்தூர்த் தொட்டிப்பாலத்திலும் மாணாக்கர் கூட்டத்துக்குக் குறைவில்லை. 1966இல் எழுந்த அப்பாலத்தின்மேற் கால்வாய்நீர் பரளியாற்றைக் கடந்து போகிறது. அவர்கள் ஆற்றை நோக்கி முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுத்துத் திரும்புகின்றனர்.

இனி, நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்றுண்டு. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளில் வாழும் காணிக்காரரைக் கலாசாலை ஆசிரியராக எவரும் கருதுவதில்லை. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குச் சென்ற திருவனந்தபுரத்துத் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் களைத்துத் தளர்ந்தபோது, வழிகாட்டிகளாய் உடன்சென்ற காணிக்காரர் ஒரு செடியின் கனியைத் தின்று சோர்வின்றி நடந்ததைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பின்னர் ‘ஜீவனி’ என்னும் மருந்து பிறந்தது. அதனால் வந்த தொகையிற் பாதி காணிக்காரர்க்கென வகுக்கப்பட்டது. கற்றறிந்த விஞ்ஞானிக்குப் பாடம் சொன்னவர், நம் இளங்கலை வகுப்புக்குச் சொல்லத் தகாதவரோ? அகத்தியமலைத் தொடரையும் அதை அடுத்த மலைகளையும் அன்றி உலகில் வேறெங்கும் இயல்பாய் வளராத செங்குறிஞ்சி மரத்தின் லத்தீன் பெயரிற் திருவிதாங்கூர் இருக்கிறது. அம்மரத்தைத் தொட்டுக் காட்ட நம்மில் எத்தனை பேரால் இயலும்? காணிப் பெரியவர் ஒருவரை ஆண்டுக்கு இரண்டு நாளேனும் வருவித்து, வெளியூர்ப் பேராசிரியர்க்கு அளிக்கும் சன்மானத்தையே, ஒரு காசும் குறையாமல் அவர்க்கும் அளித்தல் வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புதல் போதாது.

காட்டுக்குள் யானை உண்டு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும், பெண் மாணாக்கரை அழைத்துச் செல்வது எவ்வாறு என்று ஆட்சேபிப்போர் உண்டு. காட்டிலாகாவின் அனுமதியும் துணையும் பெற்று ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குச் சென்றாற் போதும். மற்றைய மணிகளுக்கு ஆற்றங்கரையும் குளக்கரையும் தோட்டமும் தாராளம்.

மெய்யான தடை வேறு. இப்பாடத்தைக் கற்பிப்போருட் பலர் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் தற்காலிக ஆசிரியர்கள். நான்கு சுவருக்குள் நின்று பேசிய மணிக்குக் கூலி உண்டு; ஆற்றங்கரையில் மாணாக்கருடன் நடந்த மணி பல இடங்களிற் கணக்கிற் சேர்வதில்லை. பேருந்துச் செலவும் அவருடையதே. அவரை நோக்கி, ஏன் வெளியே அழைத்துச் செல்லவில்லை என்று கேட்க எவருக்கு வாய் வரும்? ஆகவே நிர்வாகிகளை நாம் கேட்டுக்கொள்வது இதுவே: களப்பணிக்குரிய 5 மணியையும் வகுப்பு மணிகளாகவே கணக்கிட்டு ஊதியம் கொடுங்கள், வண்டிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், தான் செல்லாத இடத்தைக் குறித்து எழுதிய ஏட்டுக்கு மதிப்பெண் இல்லை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து விடுங்கள்.

பழைய மாணாக்கருட் திருவட்டாறு, குலசேகரம், திற்பரப்புப் பக்கங்களிற் தோட்டமோ வயலோ உடையோர் பலர். தம் நிலத்தில் ஒரு காலை வேளை மாணாக்கர் நடக்க இசைவோர் தம் பெயரைக் கலாசாலை அலுவலகத்திற் கொடுத்துவைப்பாராக. ஆனி மழை தொடங்குமுன் முதல் நடையை மூவாற்றுமுகத்திலிருந்து தொடங்கலாம் என்பது நம் எண்ணம். மழைக்குப் பின்னரெனின், குடையோடு அட்டைக் கடிக்குச் சிறிது உப்பும் முடிந்துகொண்டு வருதல் நலம்.