நடுவில் ஒரு நடைபாதை

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்கள் சாமான்களைப் போட்டுவைக்க வாடகை அறை தேடும்போது தரையளவைத்தான் பார்க்கிறார்கள். 5க்கு 5 அடி, 10க்கு 10, 10க்கு 20 என்றுதான் விளம்பரமும் பேசுகிறது. ‘நூறு சதுர அடியில் என்ன வைப்பது?’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர், கூரை பெரும்பாலும் எட்டடி உயரத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார். 10க்கு 10 அறைக்குள் 800 கன அடி இருக்கிறது. மெத்தையை நிமிர்த்தி, மேசைக் கால்களைக் கழற்றி, அலமாரி அறைகளில் துணியைத் திணித்தால், இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான்களே ஏறக்குறைய அடங்கிவிடும். வம்பு அதற்குப் பிறகுதான். குளிர் வந்ததும் கம்பளிக் கோட்டு வேண்டும். அதுவோ கடைசி மூலைப் பெட்டியில்! முன்னால் நிற்கும் சோபாவை யார் நகர்த்துவது? நடுவில் இரண்டடி அகலத்துக்குப் பாதை விட்டால் 20 சதுர அடி, அதாவது அறையில் ஐந்தில் ஒரு பங்கு, போய்விடுகிறது. மாதம் இருமுறை வந்து போகிறவருக்கு அடுத்த அளவு அறைதான் சரி. ஓராண்டு எட்டிப் பார்க்காதவர் வாசல்வரை அடைக்கலாம்.

அப்படி அடைப்பவரும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு சற்றே திறந்திருக்க இடம் விடத்தான் வேண்டும். மூடியே கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.